கட்டைவிரல் செய்த வேலை

நாளைக் காலையில் என் முதுகைப் பிளக்கப் போகிறார்கள். பிளப்பதற்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். போன வாரம் வீட்டில் நடந்த ரகளையெல்லாம் அந்தக் கையெழுத்துக்காகத்தான்.

நான் சாமான் தூக்கிப் பிழைத்தவன். வீடு மாற்றுகிறவர்களின் பீரோவும் கட்டிலும் என் முதுகில் ஏறித்தான் மாடி ஏறின. இப்போது அந்த முதுகுக்குள் ஒரு ஜவ்வு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது. வலி இடுப்பில் புறப்பட்டு வலது கால் பெருவிரலில் போய் உட்காருகிறது.

என் மருமகள் ஆபரேஷன் கருவி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முதுகைப் பிளந்தபின் சதையை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். ரிட்ராக்டர் என்கிறார்கள். பார்த்தால் பெரிய இடுக்கி மாதிரி இருக்கும். இடுக்கி நெரிக்கும், இது விரிக்கும். பல்பல்லாக விரித்துப் பூட்டிவிட்டால் ஆபரேஷன் முடியும்வரை அப்படியே நிற்கும்.

நின்றால் என்ன? அங்கேதான் வினை. அந்த அழுத்தத்தில் சதைக்கு ரத்தம் ஓடாது. நரம்பைக் காப்பாற்றிவிட்டு சதையைச் சாகடிப்பார்கள். ஆபரேஷன் பிரமாதம் என்பார்கள், ஆள் மட்டும் நிமிர மாட்டான். சதையை அவ்வளவு நெரிக்காத கருவி ஒன்றை மருமகள் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். விரிக்கிற தகட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்தது.

அதை முதன்முதலாக மனுஷ முதுகில் வைக்க ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டபோது, “சொந்தக்காரங்க வேண்டாம், வேற ஆளைப் பாருங்க” என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. தன் வீட்டு ஆள் முதுகில் வைக்கக் கூசுகிற சாமானை ஊரான் முதுகில் வைப்பாளாமா? என் முதுகில் வை, இல்லாவிட்டால் எவன் முதுகிலும் வைக்காதே என்று உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் குழுவில் ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டார்கள். உங்களை யாராவது வற்புறுத்தினார்களா என்றார்கள். நான்தான் எல்லாரையும் வற்புறுத்துகிறேன் என்றேன்.

இதில் எனக்கு லாபமும் உண்டு. கருவிக்கென்று ஒதுக்கிய இடம் என்பதால் வரிசையில் நிற்க வேண்டாம். வரிசையில் நின்றால் மாசக்கணக்கு. அதற்குள் கால் இருக்குமோ, போகுமோ.

இன்று சாயங்காலம் போய்ப் படுக்கையில் சேர வேண்டும். விடிந்ததிலிருந்தே வீட்டில் ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு முதுகு கிடக்கிறது. ரப்பர் முதுகு. உள்ளே மெல்லிய குழாய்கள். மேலே தொங்குகிற பையிலிருந்து சிவப்புத் தண்ணீர் இறங்கி, முதுகுக்குள் சுற்றி, கீழே கண்ணாடி ஜாடியில் சொட்டும். கருவியை வைத்து விரித்தால் குழாய் நசுங்கிச் சொட்டு குறையும். அரைமணி கழித்து ஜாடியில் எவ்வளவு என்று மருமகள் பார்ப்பாள். ஜாடி நிறைந்தால் சதை பிழைத்தது என்று அர்த்தம். மேஜையில் எனக்கு எதிர்ப்பக்கத்தை அது பிடித்துக்கொண்டதால், அதற்குச் சம்பந்தி என்று நான் பெயர் வைத்திருந்தேன்.

காலையில் பார்த்தால் சம்பந்தியின் முதுகில் கருவியை விரித்து வைத்துக்கொண்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

“நாளைக்கு என்னைக் குத்தப் போறீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது சம்பந்தியத் தூங்க விடும்மா.”

“கடைசியா ஒரு தடவை மாமா. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

வழக்கமாக இந்தச் சோதனையை அவள் செய்வதில்லை. என் மகன்தான் செய்வான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கிற அறையில் டாக்டர் பக்கத்தில் நிற்கிற வேலை அவனுக்கு. கருவியை எப்படிச் சாய்ப்பார்கள், எப்படித் திருப்புவார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும். அவன் பாட்டுக்கு உட்கார்ந்து விரித்துப் பிடித்து முடிப்பான். அவள் உள்ளறையில் படம் வரைந்துவிட்டு வந்து ஜாடியைப் பார்ப்பாள். இன்றைக்கு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

நான் ஜன்னலுக்கும் சோபாவுக்கும் நடந்தேன். உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி.

முதல் தடவை முடிந்ததும் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குழாயை ஊதிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். இரண்டாம் தடவை முடிந்ததும் பையை இன்னும் உயரத்தில் மாட்டினாள், பிறகு பழைய உயரத்துக்கே இறக்கினாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லை மாமா.”

பெண்கள் ‘ஒண்ணுமில்லை’ என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். எனக்குப் படி இறங்க முடியாது. அங்கேயே நின்றேன்.

மூன்றாம் தடவையும் ஆயிற்று.

“பாதிதான் வருது” என்றாள்.

“எது?”

“அவர் செஞ்சா ஜாடி நிறையும். நான் செஞ்சா பாதி. அதே கருவி, அதே தண்ணி.”

என் மகனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பாலைப் பாதி குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து வைப்பவன். மனதில் வந்தது வாயில் வந்துவிட்டது.

“தண்ணி கிண்ணி ஊத்தியிருப்பானோ?”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எழுந்து போய் ஃபோன் போட்டாள்.

“கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. ஃபோன்ல வேண்டாம். வாங்க.”

வைத்த கையோடு அது திரும்ப அடித்தது. அவளுடைய முதலாளி. எதைச் சொன்னாலும் ஆகட்டும் ஆகட்டும் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே ‘ஆகட்டும்’தான். அவர் குரல் எனக்கே கேட்டது.

“நாளைக்கு வெளியூர்லேருந்து நாலு டாக்டருங்க வர்றாங்கம்மா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கப் போறாங்க.”

“சார், சோதனையில ஒரு சின்னச் சிக்கல்…”

“ஆகட்டும் ஆகட்டும், நாளைக்கு முடியட்டும், பேசிக்கலாம்.”

மகன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றாமலே நடுக்கூடத்தில் நின்றான்.

“என்னைத் திருடன்னு சொல்றியா?”

“எப்படி நிறைஞ்சுதுன்னு கேக்கறேன்.”

“அதுக்குப் பேரு என்ன?”

“கேள்வி.”

“தண்ணி கதையை யார் கிளப்பினது? அப்பா, நீங்கதானே?”

“பால்ல ஊத்தினவன்தானே நீ” என்றேன்.

“அது எட்டு வயசுலப்பா! இன்னும் எத்தனை வருஷத்துக்கு அந்தப் பாலைக் காய்ச்சுவீங்க?”

“சண்டை அப்புறம் போடலாம்” என்றாள் மருமகள். “உட்காருங்க. என் முன்னாடி ஒரு தடவை செய்ங்க.”

அந்தக் கோபத்திலும் முழங்கைவரை கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். பழக்கம். கருவியை வைத்தான், விரித்தான். சொட்டு மெலிந்தது. கை சம்பந்தியின் முதுகில் இருந்தது, வாய் மனைவியிடம் இருந்தது.

“ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு வந்து உனக்காக இதைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். எனக்கு என்ன தலையெழுத்தா? ஒரு நாள் நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பியா? இப்போ வந்து தண்ணி ஊத்தினியாங்கற…”

மருமகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நசுங்கிப்போன குழாயிலிருந்து எப்போதோ ஒன்று சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று சளசளவென்று கொட்டியது. கொஞ்ச நேரம்தான். பிறகு பழையபடி சொட்டு.

“இப்போ என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணேன்? பேசிக்கிட்டிருக்கேன்.”

“கட்டைவிரல்.”

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். யாரோ எதிர்வீட்டுக்காரனின் விரலைப் பார்ப்பது போலப் பார்த்தான். அது கருவியின் பூட்டு மேலே இருந்தது.

“ஒரு பல் தளர்த்தினீங்க. கொஞ்சம் விட்டுட்டுத் திரும்ப விரிச்சீங்க.”

“நானா?”

“நீயேதான்டா” என்றேன். நானும் பார்த்தேன்.

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“முன்னாடி இருந்த பெரிய டாக்டர்கிட்ட வந்த பழக்கம். நடுவுல நடுவுல ‘மூச்சு’ன்னு சொல்வார். நான் ஒரு பல் தளர்த்திச் சதைக்கு மூச்சு விட்டுட்டுத் திரும்பப் பூட்டுவேன். அப்புறம் அப்புறம் அவர் சொல்லவே மாட்டார், கையே செஞ்சுடும். அவர் போய் எத்தனையோ வருஷமாச்சு. இதைச் செய்யறேன்னே எனக்குத் தெரியாது.”

“இப்போ இருக்கிற டாக்டர் தளர்த்துவாரா?”

“இவரா? கருவி ஒரு நூல் நகர்ந்தா கத்துவார். நரம்பு பக்கத்துல எலும்பைக் குடையற டிரில் ஓடிக்கிட்டிருக்கும், சதை அசைஞ்சா நரம்பு போச்சுன்னுவார். அவர் சொல்றதும் நியாயம்தானே?”

மருமகள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஆஸ்பத்திரிகளில் எல்லாரும் வைத்திருக்கிற பழைய மாதிரிக் கருவியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“இதை வெச்சு செய்ங்க. விரலை நிறுத்த வேண்டாம். அது பாட்டுக்கு என்ன செய்யுமோ செய்யட்டும்.”

அந்த அரைமணி நேரம் நான் நடப்பதைக்கூட நிறுத்திவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழைய கருவியிலும் ஜாடி நிறைந்தது. புதியதில் நிறைந்ததற்கு ஒரு விரக்கடைதான் குறைவு.

“பழசை ஆபீஸ்ல யார் கையும் படாம மேஜையோட பூட்டி வெச்சு அளந்தேன்” என்றாள். “புதுசை உங்க கையில கொடுத்து அளந்தேன். ரெண்டு வருஷமா நான் கருவியை அளக்கலை. உங்க விரலை அளந்திருக்கேன்.”

அவன் மெல்ல அவள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“குடி ஒண்ணும் முழுகிப் போகலை. நாளைக்கு உள்ளே நான்தான் நிக்கப் போறேன். டிரில் நிக்கிற நேரமாப் பார்த்து நானே தளர்த்திக்கறேன். அவருக்குத் தெரியவே தெரியாது. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அடுத்த ஆளுக்கு?”

“அடுத்த ஆளை அடுத்துப் பார்ப்போம்.”

“வெளியூர்லேருந்து நாலு டாக்டர் வர்றாங்க. பார்த்துட்டு வாங்கிட்டுப் போவாங்க. அந்த ஊர்ல யார் விரல் இருக்கும்?”

“முதல்ல எங்கப்பா காலைப் பத்தி யோசி. இதை இப்போ போய்ச் சொன்னா இடம் போச்சு. வரிசையில கடைசியில போய் நிக்கணும். நடக்க முடியற ஆளா அவர்?”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, நீங்க சொல்லுங்க.”

“என்னைக் கேக்காதே. வாயைக் கேட்டா ஒண்ணு சொல்லும், காலைக் கேட்டா ஒண்ணு சொல்லும்.”

அவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இத்தனை வயசுக்கு மேல் நல்லவன் வேஷம் எனக்கெதற்கு? அடுத்த ஆள் எவனோ. அவன் முதுகை அவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் இரண்டு பேருமாக என்னைத் தாங்கிப் படி இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போகும்போது மகன் முன்னால் உட்கார்ந்தான், அவள் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள். சொல்லப் போகிறாளா இல்லையா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பின்பக்கம் திறந்த சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். மானத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் வைத்தியம் ஆரம்பிக்கும் போலிருக்கிறது. ‘ஆகட்டும்’ அங்கே எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை, புதுச் சிரிப்பு.

“அய்யா, நீங்கதான் நம்ம முதல் ஆளு!”

“பலி ஆட்டையும் அப்படித்தான் சொல்வாங்க” என்றேன். அதற்கும் சிரித்தார்.

டாக்டர் ஒரு நர்ஸோடு வந்தார். நல்ல உயரம். சிரித்து நான் பார்த்ததில்லை. ஃபைலைப் புரட்டினார்.

“எல்லாம் சரியா இருக்கு. காலையில முதல் கேஸ். ஏதாவது கேக்கணுமா?”

கேட்டது என்னை. நான் இல்லை என்று தலையாட்டினேன். பலமாகவே ஆட்டினேன். சொல்லாதே, சொல்லாதே என்று உள்ளே ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“நான் ஒண்ணு சொல்லணும் சார்” என்றாள் மருமகள்.

மகன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. சோதனையில் இருந்த தப்பு, விரல், பழைய கருவியிலும் ஜாடி நிறைந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

“மேடத்துக்குக் கொஞ்சம் டென்ஷன் சார்” என்றார் ஆகட்டும். “ரெண்டு நாளாத் தூக்கமில்லை…”

“நல்லாத் தூங்கினேன். என் கணக்கு தப்பு, அவ்வளவுதான்.”

டாக்டர் அவளையே பார்த்தார். “அப்போ நாளைக்கு இந்தக் கருவி இல்லை.”

“இல்லை சார்.”

“பெரியவரே, உங்களுக்குக் கொடுத்த இடம் இந்தக் கருவிக்கான இடம். இனிமே வரிசைப்படிதான் கூப்பிடுவாங்க.”

ஆகட்டும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஆகாது என்று அவர் யாரிடமோ சொன்னதை இன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

“உண்மையைப் பேச நல்ல நாள் பார்த்தே போ” என்றேன் மருமகளிடம்.

“திட்டுங்க மாமா. திட்டினா பரவாயில்லை.”

“திட்டறதுக்கும் தெம்பு வேணும்.”

டாக்டர் போகத் திரும்பியவர், ஏதோ நினைத்துக்கொண்டு என் கால்பக்கம் வந்தார். போர்வையை விலக்கினார்.

“வலது கால் விரலை மேலே தூக்குங்க.”

தூக்கினேன்.

“தூக்குங்க.”

“தூக்கிட்டுத்தானே இருக்கேன்.”

நான்கு பேரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். பெருவிரல் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தது. நான் இங்கிருந்து ஆள் அனுப்புகிறேன், அங்கே யாரும் கதவைத் திறக்கவில்லை.

டாக்டர் முகம் மாறிவிட்டது. ஊசிமுனையால் பாதத்தில் தொட்டார், தொடையில் தொட்டார், தொடைக்கு உள்பக்கம் தொட்டார். தெரியுதா, தெரியுதா என்றார். பாதி இடத்தில் தெரியவில்லை.

“ஒண்ணுக்குப் போனீங்களா?”

“காலையிலேருந்து வரலை. வீட்டுல நடந்த ரகளையில அது எங்கே ஞாபகம் இருந்தது?”

“கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?”

“காலையில ரெண்டு ரொட்டி. மத்தியானம் யாரும் சோறு போடலை.”

“நல்லதாப் போச்சு.” நர்ஸ் பக்கம் திரும்பினார். “தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லு. நரம்பு மொத்தமா நெரிபடுது. நாளைக்கு இல்லை, இப்போ.”

“வரிசைன்னீங்களே?” என்றேன்.

“வரிசை நடக்க முடிஞ்சவங்களுக்கு.”

அதற்குப் பிறகு எல்லாமே ஓட்டம்தான். தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். இத்தனை காலம் எத்தனையோ சாமானைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். சாமானுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. திருப்பத்தில் சுவரில் இடித்தார்கள். “பார்த்துத் தள்ளுப்பா, கீறல் விழுந்தா வீட்டுக்காரங்க கேப்பாங்க” என்றேன். தள்ளுகிறவனுக்கு விளங்கவில்லை.

ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மருமகள், முன்னால் டாக்டர்.

“பழைய கருவிதானே சார் வைப்பீங்க?” என்றாள் அவள், மூச்சு வாங்க.

“வேற என்ன இருக்கு?”

“நடுவுல தளர்த்தணும் சார்.”

“டிரில் ஓடறப்போ ஒரு மயிரிழை அசையக் கூடாது.”

“டிரில் நிக்கிறப்போ. நீங்க கையை எடுத்துட்டு ‘சரி’ன்னு சொன்னதும் இவர் தளர்த்தட்டும். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க.”

டாக்டர் நடந்துகொண்டே இருந்தார். இரட்டைக் கதவு வரைக்கும் வந்துவிட்டோம். அங்கே நின்று திரும்பினார்.

“சரி, செய்யறேன். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை? தளர்த்தினா எவ்வளவு நேரம் விடணும்? சொல்லுங்க.”

இரண்டு வருஷமாக எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவள்.

“தெரியாது சார். அதை நான் அளக்கவே இல்லை.”

டாக்டர் என் மகனைப் பார்த்தார். “உனக்கு?”

“கைக்குத் தோணும் சார்.”

“கைக்குத் தோணுமாம்” என்றார் டாக்டர், கதவைப் பார்த்து.

நிச்சயமாகத் தெரியும் என்று சொன்னவர்கள் ஒருத்தரையும் நான் நம்பியதில்லை. ‘ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க’ என்று இந்தக் கட்டிடத்தில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். பயம் வந்ததில்லை. தெரியாது என்று அவள் சொன்னாளே, அதை நம்பினேன். நம்பியதும்தான் முதல்முதலாகப் பயம் வந்தது.

மகன் முகமூடியை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டான். அவன் கட்டைவிரலை ஒரு தடவை பார்க்க நினைத்தேன், கையை மடக்கி வைத்திருந்தான்.

“சார், நானும் உள்ளே வரணும்” என்றாள் மருமகள். “ஒண்ணும் தொட மாட்டேன். ஓரமா நின்னு எப்போ தளர்த்தறார், எவ்வளவு நேரம் விடறார்னு மட்டும் பார்த்துக்கறேன்.”

“வெளி ஆளுங்க வரக் கூடாதும்மா” என்றாள் நர்ஸ்.

“நான் வெளி ஆள் இல்லை.”

டாக்டர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கையால் கதவைத் தள்ளினார். வண்டி நகர்ந்தது. பின்னால் யாரோ வேகமாக நடந்து வருகிற சத்தம் கேட்டது. வந்தது அவளா, அவளைத் தடுக்க வந்த நர்ஸா, திரும்பிப் பார்க்க முடியவில்லை. மல்லாந்து கிடக்கிறவனுக்குத் தெரிவதெல்லாம் கூரையும் விளக்கும்தான்.